ராக் இசையில் ஹை-ஹாட் வாசிப்பை எப்படிக் கேட்பது?

சாப்புக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதில் எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன் நான். அரங்கேற்றம் வரை போகாமல் படிப்புக்காக விட்டுவிட்டேன் என்றாலும், எந்த இசையைக் கேட்டாலும் தொடையில் தாளம் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. கடந்த ஓராண்டாக, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிவந்த ஆங்கில ராக் இசையை ஓரளவு ஒழுங்காகக் கேட்டு வருகிறேன். கிட்டாரும் பேஸும் என்ன செய்கின்றன என்பது பிடிபடுகிறது. ஸ்நேர் என்னும் கூரிய ஒலி முரசின் அடி எங்கே விழுகிறது, காலால் அடிக்கும் பேஸ் டிரம்மின் கிக் எங்கே விழுகிறது என்றும் சொல்லிவிட முடிகிறது. ஆனால், டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர், "தி போலீஸ் குழுவில் ஸ்டூவர்ட் கோப்லேண்ட் ஹை-ஹாட் வாசிப்பதைக் கேட்டுப் பார், ராக் டிரம்ஸ் என்றால் என்னவென்று விளங்கும்" என்று சொன்ன நாளிலிருந்து குழப்பத்தில் இருக்கிறேன்.

கேட்டேன், ஒரு முறை அல்ல, பத்து முறைக்கு மேல் கேட்டேன். "சிக் சிக்" என்று சீராக ஒலிக்கும் ஓர் உலோகச் சத்தம் இருக்கிறது. பஜனையில் ஜால்ரா போடுபவர் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது போன்ற ஒரு துணை வேலையாகவே அது எனக்குப் படுகிறது. இதில் கலை எங்கே இருக்கிறது? வேகத்திலா, கணக்கிலா, வேறு எதிலாவதா?

இன்னோர் ஐயமும் உண்டு. லெட் ஸெப்பெலின் குழு 1971இல் வெளியிட்ட "ராக் அண்ட் ரோல்" என்னும் பாடல் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கத் தொடங்குகிறது. நான் எப்படி எண்ணினாலும் கிட்டார் நுழையும்போது என் தாளம் ஒன்றரை எண்ணிக்கை தள்ளிப் போய் நிற்கிறது. தவறு எங்கே நேர்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இடதுகால் எழுதியது:

நண்பரே, நீங்கள் கையைக் கேட்கிறீர்கள், காலைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்தும் கற்பித்தும் வருபவன் என்ற முறையில், ஹை-ஹாட்டைப் பற்றி நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இதில் அடங்கிவிடும். இருந்தாலும் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹை-ஹாட் என்பது ஒரு தண்டில் ஒன்றையொன்று நோக்கிக் கவிந்திருக்கும் இரண்டு வெண்கலத் தட்டுகள். பொதுவாக 14 அங்குல விட்டம் கொண்டவை. கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு கிளட்ச் என்னும் பிடியால் தண்டோடு இணைந்திருக்கும், இடது கால் பெடலை அழுத்தினால் அது இறங்கிக் கீழ்த்தட்டோடு சேரும். இந்தக் கருவி முதலில் காலுக்காகவே பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. 1920களில் இதன் முன்னோடியான "லோ-பாய்" முழங்காலுக்கும் கீழே, தரையை ஒட்டி நின்றது. காலால் மூடித் திறப்பது மட்டுமே அதன் வேலை. பின்னர் தண்டை உயர்த்தி, குச்சியாலும் அடிக்கும்படி செய்தார்கள். "ஹை" என்ற அடைமொழி அந்த உயரத்தைக் குறிக்கிறது. 1930களில் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், அதுவரை பேஸ் டிரம் சுமந்துகொண்டிருந்த காலப்பிரமாணத்தை இந்தத் தட்டுகளுக்கு மாற்றிக் காட்டினார். ராக் வாசிப்பவர்கள் அனைவரும் அங்கிருந்து கடன் வாங்கியவர்கள்தாம்.

மிருதங்கம் கற்ற உங்களுக்கு இது எளிதில் விளங்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரு சாப்பு அடி கொடுத்தால், அதை ஒலிக்க விடுவதா, விரலால் அமுக்கி நிறுத்துவதா என்பதும் வாசிப்பின் பகுதிதானே? ஹை-ஹாட்டில் அந்த அமுக்கும் விரலின் வேலையைச் செய்வது இடது கால். தட்டுகளை இறுக்கி மூடிக் குச்சியின் நுனியால் அடித்தால் கடுகு தெறிப்பது போன்ற வறண்ட ஒலி வரும். அதே நிலையில் குச்சியின் தோள்பகுதியால் தட்டின் விளிம்பை அடித்தால் ஒலி தடித்து முன்னே வரும். காலைச் சற்றே தளர்த்தினால் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி "ஷ்ஷ்" என்று சலசலக்கும். முழுதும் திறந்து அடித்து உடனே மூடினால் "ஸ்ஸ்சப்" என்று ஒரு குரைப்பு. குச்சியே படாமல் காலால் மட்டும் மூடினால் "சிக்". காலால் மூடிய கணத்திலேயே விடுவித்தால் சிறு ஜால்ராவின் "ஜிங்". இவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளுக்குக் கணக்கே இல்லை, ஏனெனில் கால் அழுத்தம் என்பது படிக்கட்டு அல்ல, சரிவு.

ஆகவே, திறமை இருப்பது அடியின் எண்ணிக்கையில் அல்ல, ஒலியின் நீளத்தில். நான்காம் எண்ணிக்கையின் அரை இடத்தில் திறந்து, அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது அடுத்த தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கையில், மூடுவது ராக் இசையில் மிகச் சாதாரணமான ஒரு பிரயோகம். திறப்பதை எல்லோரும் சரியான இடத்தில் செய்துவிடுவார்கள். மூடுவதில்தான் ஆள் தெரிவார். அந்த மூடலும் ஓர் அடிதான். அது நூலிழை பிந்தினாலும் குழு முழுவதும் சேற்றில் நடப்பது போல் கேட்கும், ஸ்நேரும் கிக்கும் சரியாகவே இருந்தாலும் கூட. என்னிடம் வரும் மாணவர்களைச் சில வாரங்களுக்குக் குச்சியைக் கீழே வைக்கச் சொல்லி, மெட்ரோனோமை 60இல் ஓடவிட்டு, காலால் மட்டும் மூடச் செய்வேன். பலர் சலித்துக்கொள்வார்கள். கால் எப்போது மேலே எழுகிறது என்று ஒருபோதும் நினைத்துப் பார்க்காதவர்களுக்கு, அதுவே பெரிய வேலை என்பது மூன்றாம் நாள்தான் உறைக்கும்.

இனி எடுத்துக்காட்டுகள். நான் உங்களைக் கோப்லேண்டிடம் அனுப்பாமல் முதலில் டோட்டோ குழுவின் டிரம்மர் ஜெஃப் போர்க்காரோவிடம் அனுப்புவேன். அக்குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலான "ரோசன்னா"வை எடுத்துக்கொள்ளுங்கள். நடை திஸ்ரம், அதாவது எண்ணிக்கைக்கு மூன்று. ஒவ்வோர் எண்ணிக்கையையும் "தகிட" என்று வாயால் சொல்லுங்கள். "த"வும் "ட"வும் வலது கை ஹை-ஹாட்டில் வாசிப்பவை. நடுவிலுள்ள "கி", இடது கை ஸ்நேரில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடுவது; அதைப் பேய் அடி என்பார்கள். மூன்றாம் எண்ணிக்கையில் அதே இடது கை ஸ்நேரை ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்த கை, அடுத்த "கி"யை மீண்டும் பூவைத் தொடுவது போல் தொட வேண்டும். இந்த நடையில் பலரும் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். இதில் ஹை-ஹாட்டின் பங்கு என்ன? "த" சற்றுக் கனமாகவும் "ட" சற்று மெலிதாகவும் இருப்பதால் அந்த நடை உருளுகிறது. இரண்டையும் ஒரே கனத்தில் அடித்துப் பாருங்கள், தையல் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இந்த வாசிப்பை எங்கிருந்து பெற்றார் என்பதைப் போர்க்காரோ மறைக்கவில்லை: டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிள் நடை, லெட் ஸெப்பெலினின் "ஃபூல் இன் தி ரெய்ன்" பாடலில் அக்குழுவின் டிரம்மர் ஜான் பானம் வாசித்தது, இவற்றோடு கிக்கில் போ டிட்லியின் தாளம் என்று தன் பயிற்சி ஒளிப்பதிவிலேயே பிரித்து வைத்து விளக்கினார். 1979இல் வந்த அந்த ஸெப்பெலின் பாடலையும் உடனே கேளுங்கள். அதே "தகிட" நடைதான், ஆனால் பானம் தட்டுகளைச் சட்டென்று திறந்து மூடும் ஒரு குரைப்பு திரும்பத் திரும்ப வரும். அது வரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்தப் பாடலை வேறு விதமாகக் கேட்கவே முடியாது.

பிறகு கோப்லேண்ட். அவர் அமெரிக்கர், சிறு வயதில் பெய்ரூட்டில் வளர்ந்தவர், ஜமைக்காவின் ரெகே இசையைத் தேடிக் கேட்டவர். ரெகேயில் ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில் கனத்தை இறக்கும் பழக்கம் உண்டு. அந்தக் காலி இடத்தில் கேட்பவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது ஹை-ஹாட் மட்டும்தான். 1979ஆம் ஆண்டின் "வாக்கிங் ஆன் தி மூன்" பாடலில் பேஸ் சில சுரங்களோடு நின்றுவிடுகிறது, ஆண்டி சம்மர்ஸின் கிட்டார் ஒரு கோர்டை மீட்டி அதை ஒலிக்க விட்டுவிடுகிறது. மீதமுள்ள வெளி முழுவதும் கோப்லேண்டின் தட்டுகளுக்கு. அவர் அதைச் சீராக நிரப்புவதில்லை. சில அடிகளைத் தோளால் ஊன்றுகிறார், சிலவற்றை நுனியால் கிள்ளுகிறார், திடீரென்று ஒரு சின்ன உதிர்ப்பு, அதன் பின் மௌனம். எந்த ஆவர்த்தனமும் முந்தையதைப் போல் இருப்பதில்லை. நீங்கள் இதை ஜால்ராவோடு ஒப்பிட்டது தவறில்லை. ஆனால் இது தனி ஆவர்த்தனம் வாசிக்கும் ஜால்ரா.

வேகம் என்று கேட்டீர்கள். ரஷ் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடல் "டாம் சாயர்" ஒன்று போதும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 88 எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் "தகதிமி"யாக நான்கு அடி. அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஆறு அடிகளை நீல் பியர்ட் வலது கையால் மட்டும் வாசிக்கிறார். இரண்டு கைகளால் மாற்றி மாற்றி அடிப்பது எளிது. ஆனால் ஸ்நேரை அடிக்க வலது கை விலகும் ஒவ்வொரு முறையும் அந்தச் சரத்தில் ஒரு மணி குறையும். ஒற்றைக் கையால் வாசித்தால் சரம் அறுவதில்லை.

உங்கள் இரண்டாவது ஐயம் எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம், பற்றியது. "ராக் அண்ட் ரோல்" பாடலின் முதல் அடி சமத்தில் விழவில்லை. மூன்றாம் எண்ணிக்கையின் அரை இடத்தில் விழுகிறது, அடுத்தது நான்கில், அதற்கடுத்தது நான்கின் அரை இடத்தில், அதன் பிறகே சமம். சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதல் அடியையே சமமாகக் கொள்வதால் மூன்று அரைகள், அதாவது ஒன்றரை எண்ணிக்கை, தள்ளிப் போகிறீர்கள். உங்கள் கணக்கு துல்லியமாக இருப்பதால்தான் பிழையும் துல்லியமாக இருக்கிறது! லிட்டில் ரிச்சர்டின் "கீப் எ-நாக்கின்" பாடலில் சார்லஸ் கானர் வாசித்த தொடக்கமே இதற்கு மூலம். பானம் அதில் சேர்த்தது, பாதி திறந்த தட்டுகளின் அந்த இரைச்சல். தட்டுகள் மூடியிருந்தால் அடிகளுக்கு இடையே இடைவெளி தெரியும்; நீங்களும் வழி தவறியிருக்க மாட்டீர்கள்.

மேடையொலி எழுதியது:

மேலே எழுதிய நண்பர் வாசிப்பவரின் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார். ஒலிப்பதிவுப் பணியில் இருப்பவன் என்ற முறையில், நீங்கள் எதில் கேட்கிறீர்கள் என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக இருந்தால், பொதுவாக ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டப்பட்டிருக்கும்; அதைவிடக் கொடுமை, சிம்பல் என்னும் உலோகத் தட்டுகளின் ஒலிகள் நீருக்கடியில் அசைவது போல் குழைந்துவிடும். திறந்த தட்டுக்கும் பாதி திறந்த தட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோப்பில் பெரும்பாலும் மிஞ்சாது. கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்பதும் வீண். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஹை-ஹாட் இடது காதில் நிற்கிறதா வலது காதில் நிற்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பல பதிவுகளில் அது நடுவில் இருப்பதில்லை. இடம் தெரிந்துவிட்டால் காது தானாக அங்கே போய் உட்காரும்.

கோப்லேண்டின் அந்த நிலாப் பாடலைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதில் ஹை-ஹாட் ஒலிக்கு எதிரொலிக் கருவியின் உதவியும் உண்டு. அவர் அடித்த அடி ஒன்று, கருவி திருப்பித் தரும் அடி இன்னொன்று. இது ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். எதிரொலி திரும்பி வரும் கால அளவோடு தன் கையைப் பொருத்தி வாசிக்க வேண்டும். சற்று முந்தினாலும் இரண்டும் மோதிக் கஞ்சியாகிவிடும்.

மற்றொன்று, எங்களைப் போன்றவர்கள் மட்டுமே உணரும் திறமை. ஸ்நேருக்கு வைத்த மைக்கிற்கும் ஹை-ஹாட்டுக்கும் ஒரு சாண் இடைவெளிதான். டிரம்மர் ஹை-ஹாட்டை ஓங்கி அடித்தால் அது ஸ்நேர் மைக்கில் வழிந்து வரும். பிறகு ஸ்நேரைக் கூர்மைப்படுத்த எதைத் திருகினாலும் கூடவே அந்த இரைச்சலும் ஏறும். ஒரு கல்லூரி விழாவில் இளைஞர் ஒருவர் இரண்டு மணி நேரம் தட்டுகளை மூடவே இல்லை; பாடகியின் குரலைக் காப்பாற்றுவதற்காக ஹை-ஹாட் மைக்கை முழுதும் அணைத்துவிட்டேன். அப்போதும் அரங்கில் முதலில் கேட்டது ஹை-ஹாட்தான். தன் வலது கையை இடது கையைவிட மெலிதாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவரின் பதிவில் எங்களுக்கு வேலையே இருக்காது.

ஹை-ஹாட் என்ன செய்கிறது என்பதை அது இல்லாத இடத்திலும் கேட்கலாம். பீட்டர் கேப்ரியல் 1980இல் வெளியிட்ட தன் மூன்றாம் இசைத்தொகுப்பில் சிம்பல்களே கூடாது என்று டிரம்மர்களுக்குச் சொல்லிவிட்டார். ஃபில் காலின்ஸும் ஜெர்ரி மரோட்டாவும் தட்டுகள் இல்லாமல் வாசித்தார்கள். ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம், அறையின் முழக்கத்தைப் பெருக்கிச் சட்டென்று வெட்டிவிடும் அந்தப் புகழ்பெற்ற டிரம்ஸ் ஒலியை அங்கே பிடித்தார். தட்டுகளின் இரைச்சல் இருந்திருந்தால் அந்த வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்காது. முதல் பாடலான "இன்ட்ரூடர்" கேட்கும்போது ஏதோ மூச்சு முட்டுவது போல் இருக்கும். எண்ணிக்கைகளுக்கு இடையே யாரும் நம்மோடு நடந்து வருவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நீங்கள் இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆயினும், ஹை-ஹாட் புராணம் சற்று மிகையாகப் போகிறது என்றே கருதுகிறேன். தி ஹூ குழுவின் கீத் மூன் பல ஆண்டுகள் ஹை-ஹாட் இல்லாமலே வாசித்தார். அவரை ராக் வரலாற்றிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் மோ டக்கர் நின்றுகொண்டு, பேஸ் டிரம்மைக் கிடத்தி வைத்து, பஞ்சுத்தலைக் குச்சிகளால் அடித்தார். சிம்பல்களை அரிதாகவே தொட்டார். அந்தப் பாடல்கள் குறைபட்டுப் போயினவா? இன்று இணையத்தில் இளைஞர்கள் ஹை-ஹாட்டில் காட்டும் வித்தைகளைப் பார்த்தால், பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் ஜால்ரா என்று சொன்னது நியாயமான முதல் எண்ணம். துணையாக இருப்பதில் என்ன இழிவு?

இடதுகால் எழுதியது:

இழிவு ஒன்றும் இல்லை. அந்தக் கட்சியில் நானும் இருக்கிறேன். கீத் மூனைப் பொறுத்தவரை, அவர் சிம்பல்களாலும் டாம் என்னும் முரசுகளாலும் ஓயாத அலையை எழுப்பியதால் காலத்தை நறுக்கிக் காட்டும் பொறுப்பு மற்றவர்கள் தலையில் விழுந்தது. பீட் டவுன்ஷெண்டின் கிட்டாரை அந்தக் காதோடு கேட்டால், ஹை-ஹாட்டின் வேலையைப் பெருமளவு அவர் வலது கை செய்வது தெரியும். வித்தை காட்டுவதைப் பற்றி உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். அதற்கு மாற்றாகச் சொல்ல வேண்டியவர் ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். வலது கை சீராக வாசித்துக்கொண்டே வரும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஸ்நேர் விழும்போது மட்டும் ஹை-ஹாட்டை அடிக்காமல் விட்டுவிடுவார். கூட்டவில்லை, கழித்தார். அந்த ஸ்நேர் அடி தனியாக நிற்பதும், அவருடைய தாளம் இலேசாக நொண்டுவது போல் இனிப்பதும் அதனால்தான்.

சாப்புக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து "ரோசன்னா"வைக் கேட்டேன். உதட்டை மட்டும் அசைத்துத் "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே வந்ததில், ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை "கி" கிடைக்கவில்லை. கிடைத்த பின் அதை விட முடியவில்லை. பூவைத் தொடுவது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கை சும்மா படிவது நினைவுக்கு வந்தது.

காலையில் பூஜை அறையிலிருந்த ஜால்ராவை எடுத்து, திறந்து தட்டி, அடுத்த எண்ணிக்கையில் சரியாக மூடிப் பார்த்தேன். திறப்பது கைக்கு வந்தது. மூடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு பிந்துகிறது. எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவனுக்கு இது சற்று வெட்கமாகவே இருக்கிறது. "ராக் அண்ட் ரோல்" இப்போது சரியாக இறங்குகிறது. கிட்டார் நுழையும் இடத்தில் என் கையும் சமத்தில் இருக்கிறது.

கோப்லேண்ட் மட்டும் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. உதிர்ப்புகள் கேட்கின்றன, ஆனால் எது அவர் அடித்தது, எது எதிரொலி என்று பிரிக்க முடியவில்லை. அது போகட்டும். வாட்ஸ் ஹை-ஹாட்டை விட்டுவிடுவதைக் காதால் உறுதி செய்ய முடியவில்லை. ஸ்நேரின் ஓசையில் அது மறைந்திருக்கிறதா, அல்லது உண்மையிலேயே இல்லையா?

இடதுகால் எழுதியது:

கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள். அவருடைய பிற்கால மேடை ஒளிப்பதிவு ஏதேனும் ஒன்றை எடுத்து, ஒலியை முழுதும் நிறுத்திவிட்டு, வலது கையை மட்டும் பாருங்கள். இடது கை ஸ்நேரில் இறங்கும் அதே கணத்தில் வலது கையின் குச்சி தட்டைத் தொடாமல் சற்றே மேலே விலகி நிற்கும். நான்கைந்து ஆவர்த்தனங்கள் அதைப் பார்த்துவிட்டு ஒலியைக் கூட்டுங்கள்.